மூச்சைக் கவனித்துத் தளர்வுக்குப் போவது: பௌத்தத் தியானத்தைப் பழகவும் சொல்லித்தரவும் ஒரு முழு வழிகாட்டி

தளர்வைத் தேடித் தியானத்தில் உட்காருபவர்கள்தான் பெரும்பாலும் தளராமல் எழுந்திருக்கிறார்கள். "இன்னும் அமைதி வரவில்லையே" என்று நிமிடத்துக்கு ஒருமுறை மனத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்தச் சோதனையே தோளையும் தாடையையும் இறுக்கிவிடும். பௌத்த மரபு வேறு வழியாகப் போகிறது. மூச்சைக் கவனிப்பது பற்றிய புத்தரின் உரையான ஆனாபானசதி சுத்தம் (பாலியில் "சுத்த" என்றால் புத்தரின் உரை) சொல்லும் 16 படிகளில் முதல் இரண்டும் மூச்சு நீளமா குட்டையா என்று தெரிந்துகொள்வதுதான். மூன்றாவது, உடல் முழுவதையும் உணர்ந்தபடி மூச்சுவிடுவது. உடலை அடங்கவைக்கும் பேச்சே நான்காவது படியில்தான் வருகிறது. முதலில் தெரிந்துகொள்வது, அடங்குவது பிறகு. இந்த வரிசையை மாற்றிப் போடுவதால்தான் பழகுபவருக்கும் சொல்லித்தருபவருக்கும் முக்கால்வாசித் தொல்லைகள் வருகின்றன.

எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது

1979இல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சிதான் இந்தத் தியானத்தை மருத்துவமனைகளுக்குள் கொண்டுவந்தது. நாட்பட்ட வலியோடும் மன அழுத்தத்தோடும் வாழ்ந்தவர்களுக்காக அது உருவானது. திரும்பத் திரும்ப மனச்சோர்வில் விழுபவர்களுக்காக அதே வழியில் அமைக்கப்பட்ட சிகிச்சை, பிரிட்டனின் நைஸ் அமைப்பு வெளியிடும் மருத்துவ வழிகாட்டுதல்களில் இடம்பெற்றிருக்கிறது. பதற்றம், தூக்கமின்மை, நெடுநாள் வலியின் பாரம் ஆகியவற்றில் பலருக்கு இது கைகொடுக்கிறது.

புற்றுநோயைக் கரைக்கும், சர்க்கரையை அகற்றும், மாத்திரையை நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்துவிடுங்கள். இங்கே குணமாவது என்பதற்கு ஓர் எல்லை உண்டு. சல்லத்த சுத்தத்தில் புத்தர் இரண்டு அம்புகளைப் பற்றிச் சொல்கிறார்: முதல் அம்பு உடலில் பாயும் வலி, இரண்டாவது அம்பு அந்த வலியைப் பற்றிய புலம்பலும் அச்சமும். பயிற்சி வேலை செய்வது பெரும்பாலும் இரண்டாவது அம்பின்மேல்தான். அது பிடுங்கப்பட்டால் தசை இறுக்கம் குறைகிறது, தூக்கம் கூடுகிறது, அதனால் முதல் வலியும் சற்றுத் தணியலாம். தணியாமலும் போகலாம்.

உட்காரும் முறை

முதுகு வலியோடு போராடிக்கொண்டு மூச்சைப் பார்க்க முடியாது. ஆகவே முதல் இரண்டு உட்காருதல்களையும் இருக்கையைச் சரிசெய்யவே செலவிடுங்கள்.

சம்மணமிடுபவர்கள் இடுப்பை முழங்காலைவிட உயரத்தில் வைக்க வேண்டும். மடித்த போர்வையோ கெட்டியான தலையணையோ 10 முதல் 15 செ.மீ. உயரத்துக்குப் போதும். அதன் முன் விளிம்பில் உட்காருங்கள். நடுவில் உட்கார்ந்தால் இடுப்பு பின்னால் சாய்ந்து முதுகு கூனும். முழங்கால் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றால் அடியில் துணியை மடித்துக் கொடுங்கள். கால் மரத்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் தொடையின் பின்பக்கமோ கணுக்காலின் பக்கமோ நரம்பு அழுந்துவதுதான். உயரத்தைக் கூட்டினாலோ ஒரு காலை மற்றொன்றின் மேல் போடாமல் முன்னால் வைத்தாலோ சரியாகிவிடும். மரத்த காலோடு சட்டென்று எழக் கூடாது.

நாற்காலி கௌரவக் குறைவல்ல. உள்ளங்கால் இரண்டும் தரையில் முழுதாகப் படிய வேண்டும். படியாவிட்டால் அடியில் பலகை வையுங்கள். முதுகு தானாக நிற்பவர்கள் சாயாமல் உட்காரலாம், மற்றவர்கள் இடுப்புப் பள்ளத்தில் சிறு தலையணை கொடுக்கலாம். உட்காரவே முடியாதவர்கள் மல்லாந்து படுத்து, முழங்காலுக்கு அடியில் உருளைத் தலையணை வைக்கட்டும். படுத்தால் தூக்கம் வருமே என்றால் ஒரு வழி: முழங்கையைத் தரையில் ஊன்றி ஒரு முன்கையை மட்டும் நேராக நிறுத்திவையுங்கள். கண் அயர்ந்தால் கை சரிந்து எழுப்பிவிடும்.

கைகள் மடியிலோ தொடையிலோ கிடக்கட்டும். தாடையைக் கொஞ்சம் உள்ளே இழுங்கள், நாக்கு நுனி மேல் பற்களுக்குப் பின்னால் இருக்கட்டும். கண்ணை மூடுவது கட்டாயமல்ல. பாதி திறந்து, ஒரு மீட்டர் தள்ளித் தரையைப் பார்க்கலாம். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் ஒன்றரை மணி நேரம் கழித்து உட்காருங்கள்.

மூச்சுத் தியானம், படிப்படியாக

முதல் வாரம் தினம் 10 நிமிடம். இரண்டாம் வாரம் 15, மூன்றாம் வாரம் முதல் 20. வாரத்தில் ஒருநாள் ஒரு மணி நேரம் உட்காருவதைவிடத் தினம் பத்து நிமிடம் மேல். கைபேசியில் மெல்லிய மணியை வைத்துவிட்டு அழைப்புகளை நிறுத்துங்கள். நேரம் எவ்வளவு ஆயிற்று என்ற கேள்வியை மனத்திடமிருந்து பறித்துவிட வேண்டும்.

1. உட்கார்ந்ததும் ஒரு நிமிடம் உடலின் பாரத்தை மட்டும் கவனியுங்கள். தொடை இருக்கையில் அழுந்துவது, பாதம் தரையில் படுவது, கை மடியில் கிடப்பது.

2. ஐந்தாறு மூச்சுகள் மட்டும் வெளிமூச்சை நீளமாக விடுங்கள். உள்ளே நான்கு எண்ணும் நேரம், வெளியே ஆறு எண்ணும் நேரம். மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத்துடிப்பு சற்று விரைவதும் வெளிவிடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பின் வழியே அது தணிவதும் உடலின் இயல்பு. அந்த இயல்பையே கொஞ்சம் பயன்படுத்திக்கொள்கிறோம்.

3. பிறகு மூச்சை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ஆழமாக இழுப்பது நல்லது என்று கேள்விப்பட்டு இருபது நிமிடமும் பலமாக இழுத்துவிட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், உதடும் விரல்நுனியும் கூசும். அதை ஏதோ சக்தி எழும்புவதாக எண்ணி மகிழ்பவர்களும் உண்டு. சாதாரண மூச்சுக்குத் திரும்பினால் சில நிமிடத்தில் அடங்கிவிடும்.

4. மூச்சைப் பார்க்க ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். பர்மாவின் பௌத்தத் துறவி மகாசி சயாடோ (1904–1982) மரபில் வயிறு எழுந்து தாழ்வதைக் கவனிப்பார்கள். அதே நாட்டுத் தியான ஆசிரியர் ஊ பா கின் (1899–1971) வழியில், அவருடைய மாணவர் எஸ்.என். கோயங்கா உலகெங்கும் பரப்பிய முறையில், மூக்குத் துவாரமும் மேலுதடும் சேரும் சிறிய இடத்தைப் பிடிப்பார்கள். தளர்வு வேண்டுவோருக்கு வயிறு எளிது. அசைவு பெரியது, தலையிலிருந்து தூரத்தில் இருக்கிறது. மனம் ஓரளவு நிலைத்தபின் மூக்குநுனி கூர்மையைத் தரும். ஒரே அமர்வில் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

5. ஒவ்வொரு வெளிமூச்சின் முடிவிலும் ஓர் எண்: ஒன்று, இரண்டு என்று பத்து வரை, பிறகு மீண்டும் ஒன்று. ஐந்தாம் நூற்றாண்டில் பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்னும் பயிற்சி நூல், ஐந்துக்குக் குறைவாகவும் பத்துக்கு மேலாகவும் எண்ண வேண்டாம் என்கிறது. ஐந்துக்குள் சுற்றினால் மனம் இடம் போதாமல் முட்டிமோதும்; பத்தைத் தாண்டினால் மூச்சை விட்டுவிட்டு எண்ணையே பிடித்துக்கொள்ளும். பதினேழு, பதினெட்டு என்று போய்க்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தால் சிரித்துவிட்டு ஒன்றுக்கு வாருங்கள்.

6. மனம் ஓடிவிட்டது என்று தெரிந்த கணத்தில் மனத்துக்குள் "நினைப்பு" என்று மெல்லச் சொல்லி அடுத்த மூச்சுக்குத் திரும்புங்கள். எதை நினைத்தோம், ஏன் நினைத்தோம் என்று ஆராய வேண்டாம். இருபது நிமிடத்தில் ஐம்பது முறை ஓடி ஐம்பது முறை திரும்பினால் அது நல்ல அமர்வுதான், திரும்புவதுதான் பயிற்சி.

7. எண்ணாமலே மூச்சோடு இருக்க முடிகிறது என்று தோன்றும்போது எண்ணை விடுங்கள். அவசரமில்லை, மாதக்கணக்கில் எண்ணினாலும் குற்றமில்லை.

8. மணி அடித்ததும் எழாதீர்கள். விரல்களை அசைத்து, கழுத்தை இருபுறமும் திருப்பி, ஒரு நிமிடம் கழித்து மெல்ல எழுங்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சட்டென எழுந்தால் கண் இருட்டும்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் திடீர்ப் பீதி வருபவர்களுக்கும் மூச்சே பயம் தரும் பொருளாக இருக்கலாம். மூச்சைப் பார்க்கப் பார்க்க அது திணறும். அவர்கள் உள்ளங்கால்களையோ, உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தையோ, சுற்றிலும் கேட்கும் ஓசையையோ பிடித்துக்கொள்ளட்டும். மற்ற எல்லாப் படிகளும் அப்படியே பொருந்தும்.

உடலைப் பகுதி பகுதியாகக் கவனிப்பது

வலியோடு இருப்பவர்களுக்கும் தூக்கம் பிடிக்காதவர்களுக்கும் இதிலிருந்து தொடங்கலாம். கபாட்-ஜின் வகுப்பில் இது 45 நிமிடம். வீட்டில் 20 நிமிடத்தில் முடிக்கலாம். படுத்துக்கொண்டு இடது பாத விரல்களில் ஆரம்பித்து பாதம், கெண்டைக்கால், முழங்கால், தொடை, பிறகு வலது கால், இடுப்பு, வயிறு, மார்பு, முதுகு, இரு கைகள், தோள், கழுத்து, முகம், உச்சந்தலை. ஓரிடத்தில் நான்கைந்து மூச்சு நேரம் இருந்தால் போதும். சூடு, குளிர், துடிப்பு, துணி உரசுவது என்று எது இருந்தாலும் சரி. ஒன்றும் தெரியவில்லை என்பதும் ஒரு விடைதான். அங்கே எதையாவது கற்பனை செய்து நிரப்பாதீர்கள்.

"தளர்த்து" என்று ஒவ்வோர் உறுப்புக்கும் ஆணையிடுவது வேறு பயிற்சி, அதை இதோடு கலக்க வேண்டாம். இங்கே பார்ப்பது மட்டும்தான். பார்க்கும்போது தசை தானாக விட்டால் விடட்டும்.

வலி இருக்கும் இடத்துக்கு நேராகப் பாயக் கூடாது. முதலில் வலியில்லாத ஓரிடத்தை, உள்ளங்கையையோ காது மடலையோ, ஒரு நிமிடம் கவனியுங்கள். பிறகு வலியின் ஓரத்துக்கு வாருங்கள்: எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, குத்துகிறதா, எரிகிறதா, இழுக்கிறதா, ஒரே அளவில் நிற்கிறதா, கூடிக் குறைகிறதா. மூன்று நான்கு மூச்சு பார்த்துவிட்டு மீண்டும் உள்ளங்கைக்குப் போங்கள். இப்படி மூன்று தடவை போய்வந்தால் போதும். பல்லைக் கடித்துக்கொண்டு வலியின் நடுவில் உட்கார்ந்திருப்பது வீரமல்ல. உடல் இன்னும் இறுகி வலி கூடும். புதிதாக வந்த வலி, நெஞ்சுவலி, ஒருபக்கம் மரத்துப்போதல் போன்றவற்றைத் தியானம் செய்து பார்க்கக் கூடாது, மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

மெத்தா: நலம் நினைத்தல்

எரிச்சலோ தன்னை வெறுக்கும் எண்ணமோ மேலோங்கியிருந்தால் மூச்சைவிட இது உதவும். நான்கு சிறு வாக்கியங்கள்: "நலமாக இருக்கட்டும். அச்சமின்றி இருக்கட்டும். நோயின்றி இருக்கட்டும். மனம் ஆறியிருக்கட்டும்." இரண்டு மூச்சுக்கு ஒரு வாக்கியம், அவசரமில்லாமல்.

மரபான வரிசை: தான், மதிப்புக்குரிய ஒருவர், நெருங்கியவர், முன்பின் பழக்கமில்லாதவர், பகைவர், கடைசியில் எல்லா உயிர்களும். தொடக்கத்திலேயே பகைவரிடம் போகக் கூடாது என்றும், காமம் எழக்கூடிய ஒருவரையும் இறந்துபோனவரையும் குறித்து இதைச் செய்ய வேண்டாம் என்றும் விசுத்திமக்கம் எச்சரிக்கிறது. முதல் வகையில் அன்பு என்று நினைப்பது ஆசையாகத் திரும்பிவிடும், இரண்டாவதில் மனம் நிலைகொள்ளாது. துக்கத்தில் இருப்பவர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது இந்த இரண்டாவது எச்சரிக்கை மிகப் பயனுள்ளது.

பலருக்குத் தன்னிடம் தொடங்குவதுதான் கடினம். வாக்கியம் தொண்டையில் சிக்கும், அல்லது அழுகை வரும். அப்படியானால் நினைத்தாலே முகம் மலரும் ஒரு குழந்தையிடமோ வளர்ப்பு நாயிடமோ தொடங்கிச் சில நிமிடம் கழித்துத் தனக்கு வரலாம். அன்பு பொங்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். வாக்கியத்தைப் பொருள் தெரிந்து சொல்வதுதான் வேலை. உணர்ச்சி சில நாள் வரும், சில நாள் வராது.

தடைகள்

பௌத்த மரபு ஐந்து தடைகளைச் சொல்கிறது: ஆசை, வெறுப்பு, சோம்பலும் தூக்கமும், பரபரப்பும் மனக்குறுகுறுப்பும், ஐயம். பெயரிட்டு அடையாளம் கண்டாலே ஆசையும் வெறுப்பும் பாதி வலுவிழந்துவிடும். ஐயத்துக்கு மருந்து, முறையை மாற்றாமல் நான்கு வாரம் செய்துபார்ப்பதுதான்.

தூக்கத்துக்குப் புத்தரே நீண்ட பட்டியல் கொடுத்திருக்கிறார். தியானத்தில் தலை ஆடி விழுந்துகொண்டிருந்த தம் சீடர் மொக்கல்லானரிடம், எண்ணத்தை மாற்று, கற்ற அறத்தை நினைத்துப் பார், அதை ஓது, காதை இழுத்துவிட்டுக் கைகால்களைத் தேய், எழுந்து கண்ணை நீரால் கழுவி விண்மீன்களைப் பார், மனத்தில் ஒளியைக் கொண்டுவா, முன்னும் பின்னும் நட என்று அடுக்கிவிட்டு, எதுவும் பலிக்காவிட்டால் வலப்பக்கமாகப் படுத்துத் தூங்கு என்று முடிக்கிறார். கடைசி அறிவுரை இன்றைய ஆட்களுக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது. தினமும் உட்கார்ந்ததும் தூங்கிவிழுகிறீர்கள் என்றால் இரவுத் தூக்கம் போதவில்லை.

பரபரப்புக்கு நடைதியானம் நல்லது. பத்துப் பதினைந்து அடி நீளம் போதும். பாதம் எழுவது, நகர்வது, பதிவது மூன்றையும் கவனித்து நடந்து, கோடியில் நின்று, திரும்பி நடங்கள். 10 நிமிடம் நடந்துவிட்டு உட்கார்ந்தால் மனம் முக்கால் பங்கு அடங்கியிருக்கும்.

அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு: தளரத் தொடங்கியதும் சிலருக்குப் பதற்றம் கூடும். எப்போதும் விழிப்பாக இருந்தே பாதுகாப்பைத் தேடிக்கொண்டவர்களுக்குப் பிடி தளர்வது ஆபத்துபோலத் தோன்றுவதால் இது நடக்கலாம். அவர்கள் கண்ணைத் திறந்துவைத்து, ஐந்து நிமிடம் மட்டும், நடந்துகொண்டோ நின்றுகொண்டோ பழகட்டும். பழைய கொடிய நினைவுகள் மீள்வது, சுற்றியிருப்பவை நிஜமில்லாததுபோலத் தோன்றுவது, பல நாள் தூக்கமே வராமல் போவது ஆகியவை தென்பட்டால் பயிற்சியை நிறுத்தி மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். "இது முன்னேற்றத்தின் அறிகுறி, தாங்கிக்கொள்" என்று சொல்லும் ஆசிரியர் ஆபத்தானவர்.

சொல்லித்தர விரும்புபவருக்கு

தினமும் பயிற்சி செய்யாதவர் சொல்லித்தரக் கூடாது. ஒன்றிரண்டு ஆண்டுத் தொடர்ந்த பயிற்சியும், ஆசிரியர் ஒருவரின் கீழ் சில நாள் மௌன முகாமும் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். எழுதிவைத்ததைப் படிக்கும் குரலும் தானே செய்தபடி சொல்லும் குரலும் கேட்பவருக்கு உடனே வேறுபட்டுத் தெரியும்.

வகுப்புக்கு முன் ஒவ்வொருவரோடும் தனியாகப் பத்து நிமிடம் பேசுங்கள். மனச்சிதைவு, இருதுருவ மனநிலைக் கோளாறு, வலிப்பு, அண்மையில் நேர்ந்த இழப்பு அல்லது வன்முறை, தற்கொலை எண்ணம், குடியை நிறுத்திய முதல் வாரங்கள் ஆகியவற்றைக் கேட்டே ஆக வேண்டும். ஏதாவது இருந்தால் சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் சேர்க்க வேண்டாம். எந்த மருந்தையும் நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. இணையவழி வகுப்பானால் ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார், அவசரத்தில் யாரை அழைப்பது என்று முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பௌத்த வேரை மறைக்க வேண்டாம், திணிக்கவும் வேண்டாம். "இம்முறை பௌத்தத்திலிருந்து வந்தது; பழக எந்த மதத்தையும் ஏற்கவோ விடவோ தேவையில்லை" என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டால் பின்னால் சங்கடம் வராது.

குழுவுக்கு எட்டு முதல் பன்னிரண்டு பேர். எட்டு வாரம், வாரம் ஒருநாள், ஒன்றரை மணி நேரம். முதல் இரண்டு வாரம் உடலைக் கவனிப்பது, மூன்றிலும் நான்கிலும் மூச்சும் நடையும், ஐந்தில் வலியையும் எண்ணங்களையும் எதிர்கொள்வது, ஆறிலும் ஏழிலும் மெத்தா, எட்டில் ஒவ்வொருவரும் தனக்கான பயிற்சியைத் தேர்ந்துகொள்வது. ஒரு வகுப்பில் 20 நிமிடப் பயிற்சி இரண்டு, நடுவில் பத்து நிமிடம் உடலை அசைப்பது, ஒவ்வொன்றுக்கும் பின் பகிர்வு, கடைசியில் வீட்டுப் பயிற்சி. வீட்டுப் பயிற்சியைக் கேட்டறியாமல் அடுத்த வாரத்தைத் தொடங்கினால் மூன்றாம் வாரத்திலிருந்து யாரும் செய்யமாட்டார்கள்.

வழிநடத்தும்போது பேச்சைக் குறைப்பதுதான் கலை. புதியவர்களுக்கு இரண்டு குறிப்புகளுக்கு நடுவே 15, 20 விநாடி மௌனம். நான்காம் வாரத்தில் ஒரு நிமிடம். எட்டாம் வாரத்தில் மூன்று நிமிடம்கூடத் தாங்கும். அதற்குமேல் புதியவர்களை மௌனத்தில் விட்டால் அவர்கள் கனவுக்குப் போய்விடுவார்கள். இயல்பான குரலில் பேசுங்கள். குழைத்துக் கிசுகிசுத்தால் சிலருக்குத் தூக்கமும் சிலருக்கு எரிச்சலும் வரும். பின்னணி இசை வேண்டாம். மனம் இசையைத்தான் பிடிக்கும், இசை இல்லாத இடத்தில் பயிற்சி நிற்காது.

"இப்போது நீங்கள் ஆழ்ந்த அமைதியை உணர்கிறீர்கள்" என்று சொல்லவே கூடாது. உணராதவர் தோற்றதாக நினைப்பார். "என்ன இருக்கிறது என்று பாருங்கள்", "வயிறு அசைவது தெரிகிறதா", "கண்ணைத் திறந்துகொள்ள வேண்டுமானால் திறந்துகொள்ளுங்கள்" என்ற வகையில் பேசுங்கள். எவ்வளவு நேரம் என்பதை முன்பே அறிவியுங்கள். யாரையும் தொட்டுத் திருத்தாதீர்கள்.

பகிர்வின்போது மூன்று கேள்விகள் போதும்: என்ன கவனித்தீர்கள், உடலில் எங்கே தெரிந்தது, அப்போது என்ன செய்தீர்கள். பதிலுக்கு விளக்கம் கொடுக்கும் ஆசையை அடக்குவது கடினம், ஆனால் அடக்க வேண்டும். ஒருவர் ஒளி பார்த்தேன் என்பார், இன்னொருவர் முழங்கால் அரித்தது என்பார். இரண்டையும் ஒரே முகத்தோடு கேளுங்கள். ஒளியைப் புகழ்ந்தீர்களானால் அடுத்த வாரம் நான்கு பேர் ஒளி பார்ப்பார்கள்.

நடுவில் ஒருவர் உடைந்து அழுதாலோ மூச்சு வேகமெடுத்தாலோ தாழ்ந்த குரலில் பெயரைச் சொல்லி, கண்ணைத் திறந்து, பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லுங்கள். அறையில் தெரியும் ஐந்து பொருள்களைச் சொல்லவிடுங்கள், ஒரு மிடறு நீர் கொடுங்கள். துணை ஆசிரியர் இருந்தால் அவரோடு வெளியே சிறிது நடக்கட்டும். அன்றைய பயிற்சிக்கு அவர் திரும்ப வேண்டியதில்லை. வகுப்பு முடிந்ததும் தனியாகப் பேசுங்கள், மறுநாள் விசாரியுங்கள், தேவையென்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள். அழுகையைக் குழுவின் முன் அலசுவது கொடுமை.

வீட்டுப் பயிற்சிக்கு 10 நிமிடம், 20 நிமிடம் என இரண்டு ஒலிப்பதிவுகள் கொடுங்கள். ஐந்தாம் வாரத்திலிருந்து ஒருநாள் பதிவோடும் மறுநாள் மணியை மட்டும் வைத்துக்கொண்டும் பழகச் சொல்லுங்கள். எட்டு வாரமும் உங்கள் குரலைக் கேட்டே உட்கார்ந்தவர் ஒன்பதாம் வாரம் தனியாக உட்காரத் தடுமாறுவார்.